கீழூரில் விழுந்த 178 வாக்குகள்

ஆகஸ்ட் 15 அன்று நாம் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, தேசிய கீதம் பாடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். புதுச்சேரிக்காரர்களுக்கு மறுநாளும் விழா உண்டு. ஆகஸ்ட் 16 அன்று வில்லியனூர் பக்கத்தில் உள்ள கீழூர் என்ற சின்ன கிராமத்துக்கு அரசாங்கத்தார் போய்க் கொடியேற்றி, தியாகிகளுக்கு மரியாதை செய்துவிட்டு வருவார்கள். அது முடிந்து இரண்டரை மாதத்தில், நவம்பர் 1 அன்று, விடுதலை நாள் என்று இன்னொரு விழா. "ஒரே ஊருக்கு எத்தனை சுதந்திர தினம் சார்?" என்று இங்கே செவ்வாப்பேட்டையில் நண்பர்கள் என்னை அவ்வப்போது கேட்பது வழக்கம். நான் அந்த ஊர்ப் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. மக்களிடம் கேட்டுத்தான் நாட்டின் எல்லையை மாற்றலாம் என்று எழுதிவைத்த ஒரு அரசியல் சட்டம், கேட்பதாக வாக்குக் கொடுத்த இரண்டு அரசாங்கங்கள், கடைசிவரை நேரில் கேட்கப்படாத சுமார் மூன்று லட்சம் ஜனங்கள் என்று மூன்றும் சேர்ந்த கதை. பொது வாக்கெடுப்பு என்ற சொல் இன்று பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. அது எப்படி நடக்கிறது, நடக்காமல் போனால் என்ன ஆகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் புதுச்சேரிதான்.

சட்டத்தில் இருந்த ஒரு வரி

1946-ல் பிரான்ஸ் நாலாவது குடியரசுக்கு ஒரு புதிய அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. அதில் 27-வது பிரிவு வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பற்றியது. நாட்டின் நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பதோ, மாற்றிக்கொள்வதோ, சேர்த்துக்கொள்வதோ ஒப்பந்தத்தால் மட்டும் முடியாது. அதைப் பாராளுமன்றம் ஒரு சட்டமாக நிறைவேற்றி ஏற்க வேண்டும். அதோடு, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாவிட்டால் அது செல்லாது. கருவூலத்தில் பில் பாஸாக இரண்டு கையெழுத்து தேவைப்படுவதுபோல, ஒன்று பாரிஸில் விழ வேண்டும், இன்னொன்று அந்த மண்ணில் வாழ்கிறவர்கள் போட வேண்டும். 1958-ல் வந்த அடுத்த அரசியல் சட்டத்திலும் 53-வது பிரிவாக இதே விதி தொடர்ந்தது, இன்றும் இருக்கிறது.

பிரெஞ்சு மூலத்தில் படிப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பார்கள். முதலாவது, அங்கே இருக்கும் சொல் 'கொன்சாந்த்மான்', அதாவது சம்மதம். பொது வாக்கெடுப்பு என்ற சொல்லே அதில் இல்லை. சம்மதம் வேண்டும் என்று சொன்ன சட்டம், அதை எப்படி வாங்குவது என்று சொல்லவில்லை. இரண்டாவது, மக்கள் என்பதற்கு அங்கே போட்டிருக்கும் 'பொப்புலாசியோன்' என்ற சொல் பன்மையில் இருக்கிறது. ஒன்றாக ஆளப்பட்டாலும் வெவ்வேறு இடத்தில் வாழும் மக்களை ஒரே குவியலாக எண்ணுவதா, தனித்தனியாக எண்ணுவதா என்ற வழக்கு இந்தப் பன்மைக்குள் ஒளிந்திருக்கிறது.

அது வெறும் இலக்கணச் சண்டை அல்ல. இந்துமாக் கடலில் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கொமோரோ தீவுகள் நான்கு இருக்கின்றன. 1974-ல் அங்கே சுதந்திரம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மொத்தமாகப் பார்த்தால் மிகப் பெரும்பான்மை வேண்டும் என்றது. மயோத் என்ற ஒரு தீவில் மட்டும் பெரும்பான்மை வேண்டாம் என்றது. தீவு தீவாக எண்ணியதால் மயோத் இன்றுவரை பிரான்ஸோடு இருக்கிறது. மற்ற மூன்றும் தனி நாடு. எழுத்தரின் பேனாவில் இருந்து விழும் ஒரு பன்மை விகுதி ஒரு தீவின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

சந்திரநாகூர்: விதிப்படி நடந்த ஊர்

1947-ல் வெள்ளைக்காரன் போன பிறகும் பிரெஞ்சுக்காரர்களிடம் ஐந்து இடங்கள் இருந்தன: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், கல்கத்தாவுக்கு வடக்கே சந்திரநாகூர். 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்ஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. இந்த ஐந்து இடங்களின் எதிர்காலத்தை அங்கங்கே உள்ள மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும். எந்தத் தேதியில், எந்த முறையில் என்பதை அந்தந்த ஊர் நகராட்சி மன்றங்கள் சொல்லட்டும் என்பது ஏற்பாடு.

சந்திரநாகூர் முந்திக்கொண்டது. 1949 ஜூன் 19 அன்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 7,500 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். பிரெஞ்சு யூனியனிலேயே இருக்கலாம் என்றவர்கள் 114 பேர். அதன்பின் ஒவ்வொரு படியாக நடந்தது. 1950 மே 2 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1951 பிப்ரவரி 2 அன்று பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாராளுமன்றத்தின் ஒப்புதலும் கிடைத்து, 1952 ஜூன் 9 அன்று சட்டப்படி அந்த ஊர் இந்தியாவுடையது ஆயிற்று. 1954 அக்டோபர் 2 அன்று மேற்கு வங்காளத்தோடு இணைந்தது.

முதலில் மக்கள், பிறகு நிர்வாகம், பிறகு ஒப்பந்தம், பிறகு பாராளுமன்றம், கடைசியில் உரிமை மாற்றம். பைல் ஒழுங்காக மேலே போய் ஒழுங்காகக் கீழே இறங்கி வந்தது. இன்று அந்த ஊரில் யாரும், "எங்களைக் கேட்டீர்களா?" என்று கேட்க முடியாது. 114 பேரும் எண்ணப்பட்டுத் தோற்றார்கள்.

புதுச்சேரியில் ஏன் நடக்கவில்லை?

தெற்கே உள்ள நான்கு இடங்களிலும் இப்படி நடந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியதில்லை. 1948 அக்டோபரில் நகராட்சித் தேர்தல் வந்தது. மாஹேயில் அது கலவரத்தில் போய் முடிந்தது. மற்ற இடங்களில் எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி கை ஓங்கியது. அப்போது அந்தக் கட்சி பிரான்ஸ் பக்கம் சாய்ந்திருந்தது. வாக்கெடுப்பின் தேதியையும் முறையையும் சொல்ல வேண்டிய மன்றங்களே ஒரு பக்கத்தாரின் கையில் இருந்தால், மறுபக்கத்தார் எப்படி நம்புவார்கள்? வாக்காளர் பட்டியல் சரியில்லை, அடிதடி ஆட்சி நடக்கிறது என்று இந்தியத் தரப்பு சொன்னது. 1949-ல் சுங்க உடன்பாட்டை இந்தியா முடித்துக்கொண்டு எல்லையில் கெடுபிடி செய்கிறதே, சாப்பாட்டுக்கே வழியில்லாமல் நெருக்கிக்கொண்டு வாக்குக் கேட்பதா என்று பிரெஞ்சுத் தரப்பு சொன்னது. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தின் வழியாக நடுநிலைப் பார்வையாளர்கள் நியமிக்கப்பட்டு 1951-ல் வந்து பார்த்தார்கள். சுதந்திரமான வாக்கெடுப்புக்கு ஏற்ற நிலைமை இல்லை, வாக்காளர் பட்டியலையே திருத்தியாக வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 1952-ல் இந்தியா, இனி வாக்கெடுப்பு என்ற பேச்சே வேண்டாம், நேரடியாக ஒப்படையுங்கள் என்று கேட்டது. எங்கள் அரசியல் சட்டம் இடம் கொடுக்காது என்று பிரான்ஸ் பதில் சொன்னது. பைல் அங்கேயே நின்றது.

1954-ல் எல்லாம் வேகம் பிடித்தது. மார்ச் 18 அன்று புதுச்சேரிப் பகுதிக் கொம்யூன்களின் மேயர்களும் மந்திரிமார்களும், வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். குபேரே கட்சி மாறி நெட்டப்பாக்கத்துக்கு வந்து அங்கே தற்காலிக அரசு ஒன்றை அமைத்தார். ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் பிரெஞ்சு நிர்வாகத்தின் கையை விட்டுப் போயின. அதே வருஷம் மே மாதம் வியத்நாமில் தியென் பியென் ஃபூ கோட்டை விழுந்திருந்தது. அந்த இந்தோசீனாப் போரில் நம் புதுச்சேரிச் 'சொல்தா'க்கள் பலர் பிரெஞ்சுச் சீருடையில் இருந்தார்கள். ஜூனில் பிரதமரான மாந்தேஸ் ஃபிரான்ஸ் இந்தோசீனாவை முடித்த கையோடு இதையும் முடித்துவிட நினைத்தார்.

கீழூர்

அப்போதும் அந்த ஒரு வரி குறுக்கே நின்றது: மக்களின் சம்மதம். முழு வாக்கெடுப்புக்கு நேரமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. ஆகவே ஒரு நடுவழி கண்டார்கள். ஏற்கெனவே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும் ஓரிடத்தில் கூடி ரகசிய வாக்களிப்பார்கள்; அதை மக்களின் சம்மதமாகக் கொள்வது. கூடிய இடம் கீழூர். தேதி 1954 அக்டோபர் 18. வாக்களித்தவர்கள் 178 பேர். இந்தியாவோடு இணைய ஆதரவு 170. எதிர்ப்பு 8.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று டெல்லியில் உடன்பாடு கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. இதைத்தான் 'தெ ஃபக்தோ' மாற்றம், அதாவது நடைமுறை மாற்றம் என்கிறார்கள். நவம்பர் 1 விழாவின் காரணம் இதுதான்.

1956 மே 28 அன்று டெல்லியில் முழு ஒப்பந்தத்தில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோகும் கையெழுத்திட்டார்கள். அதன் முகவுரை, இந்த மக்களின் விருப்பம் அவர்களுடைய பிரதிநிதிகள் மூலமாகத் தெரிவிக்கப்பட்ட பின் 1954 உடன்பாடு ஏற்பட்டது என்று கவனமாகச் சொல்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அலுவலகக் கடிதங்கள் எழுதியவன் என்ற முறையில் இந்த வாக்கியத்தை நான் ரசிப்பேன். 'மக்கள் வாக்களித்தார்கள்' என்ற பொய் அதில் இல்லை. 'மக்களைக் கேட்கவில்லை' என்ற உண்மையும் இல்லை. 'பிரதிநிதிகள் மூலமாக' என்ற சொற்கள் சட்டப் பிரிவின் பள்ளத்தின் மேல் ஒரு பலகையாகக் கிடக்கின்றன. அதன்மேல் இரண்டு அரசாங்கங்களும் நடந்து போய்விட்டன.

எட்டு வருஷம் காத்திருந்த கையெழுத்து

சம்மதம் என்ற கையெழுத்து எப்படியோ விழுந்தது. பாரிஸ் பாராளுமன்றத்தின் கையெழுத்து விழவில்லை. 1956-ல் போட்ட ஒப்பந்தம் 1962 வரை அங்கே கிடந்தது. காரணம் அல்ஜீரியா. பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் நாட்டின் ஒரு பகுதியாகவே நினைத்தார்கள். அங்கே கடும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. புதுச்சேரியைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தால், அல்ஜீரியாவுக்கு அதுவே முன்மாதிரி ஆகிவிடும் என்ற அச்சம்.

அல்ஜீரியாவை எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? வாக்கெடுப்பால்தான். 1961 ஜனவரியில் அல்ஜீரியர்களுக்குத் தங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை கொடுக்கலாமா என்று தெ கோல் மக்களைக் கேட்டார். 1962 மார்ச்சில் எவியான் நகரத்தில் உடன்பாடு ஏற்பட்டது. ஏப்ரல் 8 அன்று அதைப் பிரான்ஸ் மக்கள் முன் வைத்தார்; பத்தில் ஒன்பது பேர் சரி என்றார்கள். ஜூலை 1 அன்று அல்ஜீரியாவிலேயே வாக்கெடுப்பு. ஏறத்தாழ எல்லோரும் சுதந்திரம் என்றார்கள். அந்தக் கல் நகர்ந்ததும், பின்னால் நின்ற புதுச்சேரி பைலும் நகர்ந்தது. அதே ஜூலையில் பாரிஸ் பாராளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்றது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் ஆவணங்கள் டெல்லியில் பரிமாறிக்கொள்ளப்பட்டன. 'தெ ஜ்யூர்', சட்டப்படியான மாற்றம் அன்றுதான். ஆகஸ்ட் 16 விழாவின் காரணம் இது.

ஆகவே 1954 நவம்பர் முதல் 1962 ஆகஸ்ட் வரை ஏறக்குறைய எட்டு வருஷம் புதுச்சேரி ஒரு விசித்திரமான ஊர். ஆளுகிறவர் இந்தியர், சட்டப்படி சொந்தக்காரர் பிரெஞ்சுக்காரர். நான் பிறந்ததும் எழுதப் படிக்கத் தொடங்கியதும் அந்த இடைக்காலத்தையொட்டித்தான்.

ஒவ்வொருவருக்கும் கிடைத்த ஒரு வாக்கு

கீழூரில் ஜனங்களைக் கேட்கவில்லை என்றேன். ஆனால் 1956 ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகளில் ஒரு கேள்வி இருந்தது. அது ஒவ்வொரு குடும்பத்தின் வாசலுக்கும் வந்தது. அந்த மண்ணில் பிறந்து அங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள், ஒப்பந்தம் அமலுக்கு வரும் நாளில் தாமாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். 'ஒப்சியோன்' என்பார்கள். 1963 பிப்ரவரி நடுவில் அந்தக் கெடு முடிந்தது. மணமாகாத சின்னப் பிள்ளைகளின் குடியுரிமையைத் தகப்பனார் எடுத்த முடிவே தீர்மானித்தது.

எங்கள் வீட்டில் இரண்டு முடிவும் நடந்தது. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷன் பிரெஞ்சு அரசாங்கத்திலிருந்து வருவது. அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. கொள்கை என்று அவர் பெரிதாக ஏதும் பேசியதில்லை. "நம்ம ஊரு இதுதானே, எதுக்கு எழுதித் தரணும்?" என்றார், அவ்வளவுதான். சித்தப்பா பிள்ளைகள் இன்று பாரிஸுக்குப் பக்கத்தில் பேரன் பேத்திகளோடு இருக்கிறார்கள். நான் அரசாங்கக் குமாஸ்தாவாகி, வேலைக்குத் தோதாக ரயில் பாதையோரம் வீடு பார்த்து, செவ்வாப்பேட்டைக்காரன் ஆனேன். அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் போட்ட கையெழுத்தும், இன்னொருவர் போடாத கையெழுத்தும் இரண்டு தலைமுறைக்குப் போதுமானதாக இருந்தது.

மொத்தத்தில் சில ஆயிரம் குடும்பத்தார்தான் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பேசாமல் இருந்து இந்தியர் ஆனார்கள். அதை ஒரு வாக்கெடுப்பு என்று சொல்ல முடியுமா? ஓரளவு முடியும் என்று நினைக்கிறேன். ஊர் எந்த நாட்டுக்குப் போவது என்று அங்கே கேட்கவில்லை. நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார்கள். மௌனம் சம்மதமாக எண்ணப்பட்டது. சம்மதம் இல்லாதவனுக்குப் போக ஒரு கதவாவது திறந்திருந்தது.

இதே முறை 2015-லும் வந்தது. இந்தியாவும் வங்கதேசமும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்த நிலத்துண்டுகளை மாற்றிக்கொண்டபோது, அந்தப் பக்கம் இருந்த 111 இந்தியத் துண்டுகளிலும் இந்தப் பக்கம் இருந்த 51 வங்கதேசத் துண்டுகளிலும் வாழ்ந்தவர்களிடம் வீடு வீடாகக் கேட்டார்கள். நிலம் யாருக்கு என்று கேட்கவில்லை. எந்தக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து இந்தியாவுக்கு வரத் தீர்மானித்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. மண்ணை விட்டு வருவது அவ்வளவு லேசா?

நம் சட்டத்தில் மக்களைக் கேட்கும் இடம் எது?

இந்திய அரசியல் சட்டத்தில் பொது வாக்கெடுப்பு என்ற ஏற்பாடே கிடையாது. சட்டத் திருத்தம் 368-வது பிரிவின்படி பாராளுமன்றத்தில் நடக்கிறது. ஒவ்வொரு சபையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். சில விஷயங்களுக்கு மாநிலச் சட்டசபைகளில் பாதியாவது ஒப்ப வேண்டும். வெளிநாட்டு ஒப்பந்தங்களை மத்திய அரசே போட்டுவிடலாம். நிலத்தை இன்னொரு நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதானால் மட்டும் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று 1960-ல் பேருபாரி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கச்சத்தீவு 1974-ல் போனபோது அப்படியொரு திருத்தமும் வரவில்லை. அது விட்டுக்கொடுத்தது அல்ல, தகராறில் இருந்த எல்லையை முடிவு செய்தது என்று மத்திய அரசு விளக்கம் சொன்னது. ராமேசுவரத்து மீனவரை யாரும் கேட்கவில்லை.

மாநில எல்லை என்றால் இன்னும் சுலபம். மூன்றாவது பிரிவின்படி மாநிலச் சட்டசபையின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். ஆனால் கேட்டபடி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. இங்கிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய்விடும் திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய போராட்டத்துக்குப் பின் படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். கிராமத்தை ஓர் அலகாக வைத்து, மக்கள் தொகைக் கணக்கில் எந்த மொழிக்காரர் அதிகம், பக்கத்துக் கிராமங்களோடு தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கோடு போட்டார்கள். நம் திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களிலிருந்து பல கிராமங்கள் ஆந்திரா பக்கம் போயின. வாக்குச்சாவடி இல்லை. கணக்கெடுப்பவர் வந்து தாய்மொழி கேட்டபோது சொன்ன பதிலே வாக்கு ஆயிற்று. அப்படிச் சொன்னவருக்கு அது எல்லைக்கான வாக்கு என்று அன்றைக்குத் தெரியாது.

இருந்தாலும் நம் நாடு மக்களை நேரில் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. 1948 பிப்ரவரியில் ஜுனாகத்தில் கேட்டார்கள். பாகிஸ்தானுக்கு விழுந்தவை 91 வாக்குகள் மட்டுமே. 1975 ஏப்ரலில் சிக்கிமில் கேட்டார்கள். 59,637 பேர் இணைப்பை ஆதரித்தார்கள், 1,496 பேர் எதிர்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 1967 ஜனவரி 16 அன்று கோவாவில் நடந்தது. மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, தனி யூனியன் பிரதேசமாகவே இருப்பதா என்று அதற்கென்று தனிச் சட்டம் போட்டுக் கேட்டார்கள். சேர்வதற்குப் பூ சின்னம், தனியாக இருப்பதற்கு இரட்டை இலைச் சின்னம். (நம் ஊர் இரட்டை இலைக்கு முந்திய இரட்டை இலை!) 1,72,191 பேர் தனியாக இருப்போம் என்றார்கள், 1,38,170 பேர் சேர்வோம் என்றார்கள். ஆட்சியில் இருந்த கட்சியே சேர்ப்பதற்காகத்தான் நின்றது. பிரதிநிதிகளை மட்டும் கேட்டிருந்தால் கோவா இன்று மகாராஷ்டிரத்தில் ஒரு மாவட்டம். பிரதிநிதியின் வாக்கும் மக்களின் வாக்கும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேட்டுவிட்டால் போதுமா?

போதாது. பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1978 அரசியல் சட்டத்திலேயே பொது வாக்கெடுப்புக்கு இடம் வைத்தார்கள். 1982 டிசம்பர் 22 அன்று அதை எதற்குப் பயன்படுத்தினார்கள்? இருக்கும் பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே ஆறு வருஷம் நீட்டிக்க! ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். விளக்குக்கு 54.66 சதவீதம் விழுந்தது என்று அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பெருவாரியாகக் குடத்துக்குத்தான் போட்டார்கள். மொத்தமாக எண்ணியதால் அவர்கள் குரல் கரைந்துபோனது. ஜனங்களிடம் கேட்டே ஜனங்களின் அடுத்த தேர்தலைப் பறித்த விந்தை அது.

இன்னொரு விந்தை பிரான்ஸிலேயே நடந்தது. 2005 மே 29 அன்று ஐரோப்பிய அரசியல் சட்ட ஒப்பந்தத்தை வாக்குக்கு விட்டார்கள். 54.67 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதில் இருந்த பெரும்பாலான விஷயங்களை லிஸ்பன் ஒப்பந்தம் என்ற வேறு பெயரில் கொண்டுவந்து, 2008-ல் மக்களைக் கேட்காமல் பாராளுமன்றத்திலேயே நிறைவேற்றிக்கொண்டார்கள். 1962-63-ல் எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் புதுச்சேரியில் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்கிறார்கள். அந்த நாட்டு வாக்கெடுப்புகளில் ஓட்டுப்போடும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஐரோப்பாவின் ஒப்பந்தத்தைப் பற்றி அவர்களைக் கேட்டார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டியைச் சொந்த ஊரின் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மூன்று கேள்விகள் தோன்றுகின்றன. பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது? கேள்வியை எழுதியது யார்? இல்லை என்ற பதில் வந்தால் அதை மதிக்க வழி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் வாக்கெடுப்பு நல்லது. புதுச்சேரி முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுந்தது.

ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு

கீழூரில் முழு வாக்கெடுப்பு நடந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? 1954-ல் இருந்த நிலைமையைப் பார்த்தால் மாறியிருக்காது என்பதே என் எண்ணம். சுற்றிலும் இந்தியா, மொழியும் உறவும் கொடுக்கல் வாங்கலும் இந்தியாவில். அந்த 170 பேரும் ஜனங்களின் மனதுக்கு எதிராகப் போய்விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடிவு சரியாக இருப்பது வேறு, கேட்டு முடிவு செய்வது வேறு. வீட்டில் பெண்ணுக்கு நல்ல வரனாகவே பார்த்திருக்கலாம். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்ற பேச்சு பிற்பாடும் போகாது.

ஒப்பந்தம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது போலிருக்கிறது. இரண்டாவது பிரிவில், இந்தப் பகுதிகளுக்கு 1954 நவம்பருக்கு முன்பிருந்த தனி நிர்வாக அந்தஸ்து தொடரும், அதில் அரசியல் சட்ட ரீதியாக எந்த மாற்றம் செய்வதானாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அன்று கேட்காததை, இனிமேல் கேட்போம் என்ற வாக்காக மாற்றினார்கள். எப்படி அறிவது என்று மட்டும் இங்கேயும் எழுதவில்லை!

1979 ஜனவரியில் அந்த வாக்கு சோதனைக்கு வந்தது. புதுச்சேரியை அண்டை மாநிலத்தோடு இணைத்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டார். ஊரே தெருவுக்கு வந்தது. பெரிய கிளர்ச்சி ஆயிற்று. திட்டம் கைவிடப்பட்டது. வாக்குப்பெட்டி வைக்காததால் ஜனங்கள் தங்கள் விருப்பத்தைத் தெருவில் அறிவித்தார்கள். அதற்குக் கொடுத்த விலை வாக்குச்சீட்டின் விலையைவிட அதிகம்.

இப்போதும் மாநில அந்தஸ்து வேண்டும் என்று புதுச்சேரிச் சட்டசபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுகிறது. அது கிடைக்குமோ கிடைக்காதோ, வேறு யாராவது மறுபடி இணைப்புப் பேச்சை எடுப்பார்களோ, தெரியாது. எது வந்தாலும் 1956 ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவை எடுத்துப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும். அதில் இருப்பது இந்தியா தன் சொந்தக் கையெழுத்தில் ஏற்றுக்கொண்ட கடன். கோவாவில் 1967-ல் கேட்டதுபோல, புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கையும் தனித்தனியாக எண்ணி, ஒரு நாள் கேட்டால் அந்தக் கடன் தீரும்.

கீழூரில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையையும் மணக்குள விநாயகரையும் பார்த்துவிட்டு, ஒரு ஆட்டோ பிடித்து அங்கேயும் போய் வாருங்கள். 170, 8 என்ற இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு அந்த மண்டபத்தைச் சுற்றிப் பாருங்கள். அந்த எட்டுப் பேரும் எண்ணப்பட்டார்கள் என்பது அந்த இடத்துக்கு மரியாதை. எண்ணப்படாமலே போன மூன்று லட்சம் பேரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.